கட்டைகளால் கட்டிய கண்டிக் கோச்சி

(சங்க நூற்றாண்டுக் கண்காட்சியின் மூன்றாம் நாள் மாலை, மாதிரிப் புகையிரதத்தைக் கட்டிய ஆறு பழைய மாணவியரின் சார்பில் பாடசாலை மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உரை)



மூன்று நாட்களாக எல்லாரும் எங்களிடம் மூன்று கேள்விகளையே கேட்டீர்கள். எத்தனை கட்டை? எவ்வளவு செலவு? இந்த வயதில் இது எதற்கு? முதலாவதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. எண்ணத் தொடங்கிப் பன்னிரண்டாயிரத்தில் களைத்து விட்டுவிட்டோம். இரண்டாவதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் எங்கள் கணவன்மாரும் பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் இருப்பதால் சொல்ல மாட்டோம். மூன்றாவதற்குத்தான் இந்தப் பேச்சு.

நாங்கள் படித்த காலத்தில் இங்கே புகையிரதம் கட்டியது நெருப்புப்பெட்டியால். ஆரம்பப் பிரிவில் கைவேலைப் பாடத்துக்கு ஐந்தாறு வெறும் நெருப்புப்பெட்டி, நூல், சில்லுக்குச் சோடா மூடி. “கோச்சி செய்தோம் மிஸ்” என்றால் தமிழ் மிஸ், “புகையிரதம் என்று சொல்” என்பார். அந்தத் திருத்தத்தை நாங்கள் ஐம்பது ஆண்டு ஞாபகம் வைத்திருந்தும் மேசையிலுள்ள அட்டையில் கோச்சி என்றே எழுதியிருக்கிறோம். மிஸ் இருந்தால் மன்னித்திருப்பார், சிவப்பு மையால் ஒரு கோடும் போட்டிருப்பார்.

நாங்கள் ஆறு பேரும் கோச்சியில் வந்து படித்தவர்கள். கம்பளையிலிருந்து இருவர், வத்தேகமையிலிருந்து இருவர், கடுகண்ணாவையிலிருந்து ஒருத்தி, பேராதனையிலிருந்து ஒருத்தி. சீசன் டிக்கற்றும் சோற்றுப் பார்சலும் ஒரே பைக்குள். பிந்தி வந்தால் “கோச்சி லேட், மிஸ்” என்ற ஒரு வசனம் எங்களைப் பல ஆண்டு காப்பாற்றியது; கோச்சி நேரத்துக்கு வந்த நாட்களிலும் காப்பாற்றியது. நூற்றாண்டுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று சங்கம் கேட்டபோது முதலில் பாடசாலைக் கட்டடத்தைத்தான் கட்ட நினைத்தோம். பிறகு, கட்டடம் இங்கேதானே நிற்கிறது, வந்தவர்கள் வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், எங்களைக் கொண்டுவந்து சேர்த்ததைக் கட்டுவோம் என்று முடிவு செய்தோம்.

கட்டைகள் எங்களுக்கு வந்தது பேரப்பிள்ளைகள் வழியாக. 2020 இல் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தபோது சூம் வழியாக வாராவாரம் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தி ஸ்காபரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி வெள்ளவத்தையில், ஒருத்தி மாத்தளையில், இருவர் கண்டியில். ஸ்காபரோக்காரியின் பின்னால் மேசையில் ஒரு சின்னப் புகையிரதம் சுற்றிக்கொண்டே இருக்கும். பேரனுடையது என்றாள். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது சுற்றியது. அப்போதுதான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

லெகோ என்பது டென்மார்க்கில் பிலுண்ட் என்ற சின்ன ஊரில், ஓலே கிர்க் என்ற தச்சர் 1932 இல் மரப் பொம்மை செய்து தொடங்கிய தொழில். இன்று நாம் காணும் குமிழ் வைத்த கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்று செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடு பொருந்தும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர், கட்டையின் உயரம் 9.6, மெல்லிய தட்டையின் உயரம் 3.2. மூன்று தட்டை சேர்ந்தால் ஒரு கட்டை; ஐந்து தட்டையை அடுக்கினால் சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தக் கடைசிக் கணக்குத் தெரிந்தால் கட்டையைப் பக்கவாட்டிலும் திருப்பி வைத்துக் கட்டலாம். எங்களுக்கு அது தெரிய ஏழு மாதம் ஆயிற்று. எங்களில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள். எட்டுக் குமிழ்க் கட்டை ஆறை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று டென்மார்க்கில் ஒரு கணிதப் பேராசிரியர் கணக்கிட்டிருக்கிறார், விடை 915,103,765 என்று அவள் ஒருநாள் சொன்னாள். நாங்களும் ஆறு பேர்தான். ஒரு முடிவுக்கு வர அவ்வளவு வழிகளையும் முயன்று பார்த்தோம்.

லெகோப் புகையிரதம் 1966 இல் வந்தது. பற்றரி மாறியது, தண்டவாளத்தில் மின்சாரம் ஓடிய காலமும் வந்துபோனது, 2018 முதல் கைத்தொலைபேசியால் ஓட்டுகிறார்கள். ஆனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஏறத்தாழ 37.5 மில்லிமீற்றராகவே இருக்கிறது. ஐரோப்பாவின் நியமப் பாதை 1,435 மில்லிமீற்றர் என்பதால் அங்கே கட்டுபவர்களுக்கு அளவு ஒன்றுக்கு 38 என்று வருகிறது. எங்கள் பாதை அகலப் பாதை, ஐந்தரை அடி, 1,676 மில்லிமீற்றர். வகுத்துப் பாருங்கள்: ஒன்றுக்கு ஏறத்தாழ 45. எட்டுக் குமிழ் அகலத்தில் பெட்டி கட்டினால் அசலில் 2.88 மீற்றர். நான்கு சென்றிமீற்றர் உயரமுள்ள லெகோ மனிதன் அசலில் 1.8 மீற்றர், நல்ல உயரம். ஆனால் அவன் அகலம் 72 சென்றிமீற்றர். அதைக் கேட்டதும் நாங்கள் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாடசாலையை விட்டபின் நாங்கள் அடைந்த அளவும் அதுதான்.

45 என்ற எண்ணைக் கேட்டதும் கடுகண்ணாவைக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறும் பாதையின் சாய்வும் 45 அடிக்கு ஓரடி. அவள் தகப்பனார் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். அந்த எண் அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அடிபட்டது. அந்த ஏற்றம் 12 மைல். 12 மைலை அடியாக்கி 45 ஆல் வகுத்தால் 1,408. அதாவது மலை ஏறும் உயரமும் 1,408 அடி. ஒன்றுக்கு 45 அளவில் முழு ஏற்றத்தையும் கட்டினால் எங்கள் மாதிரியின் நீளமும் 1,408 அடி! கணித மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். ஒரே எண்ணால் இரண்டு தரம் வகுத்தால் அப்படித்தான் வரும் என்று பிறகு விளக்கினாள். எங்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை, அந்த மகிழ்ச்சியே போதும்.

ஆனால் எங்களிடம் இருந்தது 1,408 அடி அல்ல, மூன்று மீற்றர் மேசை. 48 குமிழ் அடித்தட்டு நீளவாக்கில் எட்டு, குறுக்கே இரண்டு. ஆகவே ஏற்றத்தில் ஒரு துண்டையும் கண்டி நிலைய மேடையில் ஒரு துண்டையும் எடுத்து, இடையிலிருப்பதை எல்லாம் விட்டுவிட்டோம். இடது கைப் பக்கம் பலன நிலையத்தை அண்டிய பாறையும் ஒரு சுரங்கமும். வலது கைப் பக்கம் கண்டி. நடுவில் பிலிமத்தலாவையும் பேராதனைச் சந்தியும் இருந்திருக்க வேண்டும். பேராதனையில் மூன்று பாதையும் சேரும் முக்கோணத்தை விட்டதற்காகப் பேராதனைக்காரி இன்னும் எங்களுடன் சரியாகப் பேசுவதில்லை.

இங்கே வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைநாட்டுப் பாதையின் மிக இறுக்கமான வளைவின் ஆரை ஐந்து சங்கிலி, ஏறத்தாழ 100 மீற்றர். எங்கள் அளவில் அது இரண்டு மீற்றருக்கு மேல். பெட்டியோடு வரும் லெகோ வளைவின் ஆரை 32 சென்றிமீற்றர். அசல் நீளத்துக்குப் பெட்டி கட்டினால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கம் பாறையில் இடிக்கும், நுனி வெளிப்பக்கம் மேடையில் நிற்பவர்களைத் தட்டிவிடும். ஆகவே பெட்டிகளை 32 குமிழுக்குக் குறுக்கினோம். மாதிரி கட்டுபவர்கள் எல்லாரும் செய்யும் பொய் இது. பார்ப்பவர் கண் ஜன்னலை எண்ணாது, ஜன்னல் வரிசையாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

ஏற்றத்துக்கு ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு தட்டை கூட்டி வைத்தோம். துண்டு 128 மில்லிமீற்றர், தட்டை 3.2, ஆக 40 க்கு ஒன்று, கடுகண்ணாவையை விடவும் கொஞ்சம் செங்குத்து. எஞ்சின் பாதி ஏறி வழுக்கியது. சில்லில் இறப்பர் வளையம் மாற்றினோம், உள்ளே பழைய ஐந்து ரூபாய்க் குற்றிகளைப் பாரமாக வைத்தோம், வழுக்கியது. “நீராவிக் காலத்தில ரம்புக்கனையில பின்னாலயும் ஒரு எஞ்சின் போட்டுத் தள்ளித்தான் ஏத்தினாங்க, அப்பா சொல்லுவார்” என்றாள் ஸ்டேஷன் மாஸ்டர் மகள். கடைசிப் பெட்டிக்குள் இரண்டாவது மோட்டரை ஒளித்து வைத்தோம். ஏறியது. அவள் அதோடு விடவில்லை. ஒற்றைப் பாதையில் டெப்லட் இல்லாமல் கோச்சி நிலையத்தை விட்டு நகராது. நிலைய அதிபர் நீட்டும் வளையத்தைச் சாரதி எடுத்தாக வேண்டும். ஆகவே எங்கள் பலன மேடையில் நிற்கும் மனிதனின் கையில் ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. முந்தநாள் வந்த ஓய்வு பெற்ற ஒரு சாரதி மட்டும் கவனித்தார். கவனித்து, அவன் அதைத் தவறான கையில் பிடித்திருக்கிறான் என்றார். மாற்றிவிட்டோம்.

எஞ்சினைத் தெரிந்தெடுத்தது ஸ்காபரோக்காரி. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா நமக்குத் தந்த எம் 2 ரக டீசல் எஞ்சின்களுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களைச் சூட்டினார்கள்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான். சின்ன வயதில் கண்டி மேடையில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்த பெயருள்ள மாகாணத்திலேயே தான் கடைசியில் போய்க் குடியிருப்பேன் என்று நினைக்கவில்லை என்பாள். நாங்கள் கட்டியது ‘ஒன்ராறியோ’.

எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது: பசை இல்லை, ஆணி இல்லை. சரித்திர மிஸ் சொன்ன பேராதனைப் பழைய பாலம்தான் அதற்குக் காரணம். 1833 இல் மகாவலிக்கு மேல் முழுக்க முதிரை மரத்தால், ஒரே வளைவில் 205 அடிக்குக் கட்டினார்கள். ஆணியோ இரும்புத் திருகோ இல்லை, மரம் மரத்தைக் கவ்விப் பிடித்தது. 1905 வரை வண்டிகளும் யானைகளும் அதன்மேல் போயின. எங்கள் பாறை அப்படிக் கவ்விப் பிடிக்கவில்லை. மாத்தளையிலிருந்து வாகனத்தில் கொண்டுவரும்போது வழியில் பாதி சரிந்து, சுரங்க வாயில் கண்டி நிலையத்தின்மேல் விழுந்தது. கண்காட்சிக்கு முந்தின இரவு பதினொன்றரை மணிவரை எங்கள் பழைய வகுப்பறையில் நிலத்தில் உட்கார்ந்து மலையைத் திரும்பக் கட்டினோம். காவலாளி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம் பிளேன்ரீ கொண்டுவந்தார்.

கட்டைகள் இலங்கைக்கு வந்த கதை தனிக் கதை. 2022 இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, எரிவாயுவுக்கு வரிசையில் நின்றுகொண்டு விளையாட்டுச் சாமான் வாங்குவது எப்படி என்று திட்டத்தையே கைவிட்டோம். பிறகு ஊருக்கு வந்த பழைய மாணவியர், தங்கள் பிள்ளைகள் வளர்ந்து ஒதுக்கிவைத்த கட்டைகளைப் பயணப்பெட்டியில் போட்டுக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மெல்பேர்னிலிருந்து வந்த அக்கா ஒருவர் சேலை கொண்டுவர வேண்டிய இடத்தில் மூன்று கிலோ சாம்பல் நிறக் கட்டை கொண்டுவந்தார். பாறை முழுவதும் அவருடையது. ஒரு பொதி மட்டும் வந்து சேரவேயில்லை. அதில்தான் கூரை இருந்தது. நிலையக் கூரை இரண்டு நிறத்தில் இருப்பதை மழை பெய்து கறுத்தது என்று பார்வையாளர்களிடம் சொல்லிவந்தோம். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டோம்.

நிலையப் பெயர்ப்பலகைக்கு இரண்டு வாரம் போயிற்று. மூன்று மொழியிலும் எழுத வேண்டும். ஆங்கிலம் நேர்கோடும் சாய்கோடும், ஒரு பின்னேரத்தில் முடிந்தது. ‘கண்டி’யில் அந்த மூன்று சுழி ணகரம் இருக்கிறதே, ஒற்றைக் குமிழ்ச் சதுரங்களால் அதை எழுதிப் பாருங்கள். சிறிதாக எழுதினால் எறும்புப் புற்று மாதிரி இருந்தது. வாசிக்கக்கூடிய அளவில் எழுதியபோது பலகை ஆளைவிடப் பெரிதாகிவிட்டது. அப்படியே விட்டோம். தமிழும் சிங்களமும் வளைந்தே வளர்ந்த எழுத்துகள், சதுரத்துக்கு அடங்கவில்லை.

இனி மனிதர்கள்.

இந்தப் பாதை எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கு எழுதிவைத்த அட்டையில் கோப்பியைப் பற்றியும், ஒப்பந்தக்காரர் பேவியலைப் பற்றியும், 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிய முதல் வண்டியைப் பற்றியும், 1867 இல் பாதை கண்டியை அடைந்ததைப் பற்றியும் இருக்கிறது. அந்த மலையை வெட்டியவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாரும் இருந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் அவர்கள். வந்தது கால்நடையாக. திரும்பிப் போனவர்கள் போனது கோச்சியில்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பத்து ஆண்டு கழித்து அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எழுபதுகளில் நாங்கள் இங்கே படித்தபோது, கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்துக்குக் கடதாசிக் கட்டோடு போகிறவர்களைத் தெருவில் அடிக்கடி காண்போம். மலைநாட்டு நிலையங்களில் ஏறி, பொல்காவலை வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் அழுத அழுகையால் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. 1984 இல் யுத்தத்தோடு கப்பல் நின்றது.

எங்கள் வகுப்பிலிருந்தும் ஒருத்தி போனாள். 1974, நாங்கள் ஒன்பதாம் வகுப்பு, பாண் வரிசைக் காலம். அவளைக் கேட்காமல் பெயரைச் சொல்வது முறையல்ல என்பதால் இங்கே சொல்லவில்லை. கணிதத்தில் முதலாவதாக வருவாள். எங்கள் கணித மிஸ் அப்போது இரண்டாவதாக வருவாள், இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்கிறாள். ஒரு திங்கட்கிழமை இடாப்பில் அவள் பெயருக்கு மேல் கோடு இருந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் குன்னூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, குளிர் நுவரெலியா மாதிரி, இங்கேயும் ஒரு குட்டிக் கோச்சி ஓடுகிறது, தண்டவாளத்துக்கு நடுவில் பல்லு வைத்திருக்கிறார்கள், 12 அடிக்கு ஓரடி ஏறுகிறது, கடுகண்ணாவையெல்லாம் இதற்குப் பக்கத்திலும் வராது என்று எழுதியிருந்தாள். நாங்கள் பதில் எழுதினோமா என்று இப்போது ஆறு பேரிடமும் ஆறு பதில் இருக்கிறது. எழுதவில்லை என்றுதான் நினைக்கிறோம்.

அந்த வண்டியை மேடையில் நிறுத்துவோம் என்று ஒருத்தி சொன்னபோது எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. நூற்றாண்டு விழா, கேக் வெட்டும் இடம், அங்கே ஒப்பாரியா என்ற கேள்வி முதலில் வந்தது. அதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எங்களில் ஒருத்தியின் மூத்த அண்ணன் அந்த வண்டியில் போனவர். அவள்தான் கடுமையாக எதிர்த்தாள். “எங்க அண்ணன் போனத புள்ளைங்க விளையாட்டுச் சாமானா பாக்க வேணாம்” என்றாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நான்கு வாரம் சூம் கூட்டமும் இல்லை. ஐந்தாம் வாரம் அவளே ஒரு படம் அனுப்பினாள். தகரப் பெட்டி ஒன்று, சுருட்டிய பாய் ஒன்று, குடை ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று நான்கு துண்டில் கட்டியது. கீழே, “அண்ணன் கொண்டுபோனது இவ்வளவும்தான். இதுக்கு மேல வைக்காதீங்க” என்று எழுதியிருந்தாள். மேடையில் நீங்கள் காணும் மூட்டை முடிச்செல்லாம் அவள் சொன்ன கணக்குத்தான்.

அடுத்த சிக்கல் முகம். லெகோ மனிதர்கள் 1978 இல் வந்தார்கள். 1989 வரை எல்லாத் தலைக்கும் ஒரே சிரிப்பு. எங்களுக்குக் கிடைத்த பழைய தலைகள் எல்லாம் சிரித்தன. ஒப்பாரிக் கோச்சியில் முப்பது பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். முகத்தை அழித்துப் பார்த்தோம், அசிங்கமாக வந்தது. பிறகு லண்டன்காரி தலையைப் பின்பக்கம் திருப்பினாள். பழைய தலையின் பின்புறத்தில் ஒன்றும் இல்லை, வெறும் மஞ்சள். தலைமயிரை மட்டும் சரியாக வைத்தால் போதும். மேடையில் நிற்பவர்களுக்கு ஏன் முகமில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் விடை. சிரிப்பு மறுபக்கம் இருக்கிறது.

பெண்களுக்குச் சாய்வுக் கட்டையால் சேலை கட்டினோம். கடைசியாக ஆறு வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளையும் செய்தோம், வழியனுப்ப வந்தவர்களாக. மேடையில் வரிசையாக வைத்துப் படமும் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினோம். அழகாக இருக்கிறது என்று பாராட்டு வந்தது. அன்றிரவு கணித மிஸ் அழைத்தாள். “நாங்க அண்டைக்குப் போகல்லையே” என்றாள்.

போகவில்லை. அவள் எந்த நாள் போகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. நிலையம் பாடசாலையிலிருந்து நடை தூரம். விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை ஒத்திகை இருந்தது. மிஸ்ஸிடம் கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. பதினான்கு வயது, அடுத்த தவணை திரும்பி வந்துவிடுவாள் என்பதுபோல இருந்துவிட்டோம். பெட்டி நீளத்தைக் குறுக்கியதும் முக்கோணத்தை விட்டதும் மாதிரிக்காகச் சொன்ன பொய். இதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆறு சீருடைகளையும் எடுத்து, மேசைக்குக் கீழே மிச்சக் கட்டைப் பெட்டிக்குள் போட்டோம்.

நேற்றுக் காலை வந்து பார்த்தபோது ஆறும் மேடையில் நின்றன. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் பெட்டியைக் கண்டுபிடித்து, சீருடையைப் பார்த்ததும் நம் பாடசாலை என்று அடையாளம் கண்டு, முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். தலைகளையும் முன்பக்கம் திருப்பிச் சிரிக்க வைத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு, அந்த அக்காமார் அன்றைக்கு அங்கே போகவில்லை, அதனால்தான் வைக்கவில்லை என்று சொன்னோம். ஒரு பிள்ளை கேட்டாள், “ஏன் மிஸ் போகல்ல?” ஒத்திகை இருந்தது என்றோம். அவள் எங்களையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆறையும் தானே எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கோச்சியை ஓட்டலாமா என்று கேட்டாள். ஓட்டச் சொன்னோம்.

நாளை முதல் இந்த மாதிரி நூலகத்தில் இருக்கும். மோட்டருக்குப் பற்றரி ஆறு வேண்டும், வாங்கித் தருவோம். மிச்சக் கட்டைப் பெட்டி ஆரம்பப் பிரிவுக்கு. பேராதனை முக்கோணத்தைக் கட்ட யாராவது முன்வந்தால் பேராதனைக்காரி அடித்தட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இந்த உரை நூற்றாண்டு மலரில் அச்சாகும் என்றும், மலர் பல நாடுகளுக்குப் போகும் என்றும் அறிகிறோம். ஆகவே கடைசியாக ஒரு வேண்டுகோள். 1974 இல் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஜன்னல் ஓரம், நான்காம் வாங்கில் இருந்தவள். இரட்டைப் பின்னல், இடது கையால் எழுதுவாள். கம்பளைப் பக்கத்துத் தோட்டம். கடைசியாக எங்களுக்குத் தெரிந்த முகவரி குன்னூர்; பிறகு கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ போயிருக்கலாம், பெயரும் மணமாகி மாறியிருக்கலாம். யாருக்காவது தெரிந்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அவளே வாசிக்க நேர்ந்தால், உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்ன பல்லு வைத்த பாதையையும் பிறகு படத்தில் பார்த்தோம். அது லெகோவில் வராது, முயன்று பார்த்துவிட்டோம்.